கீழே யாரும் இல்லை

அதை ஆறு என்று சொன்னால் எங்கள் ஊரில் சிரிப்பார்கள். மற்ற நாட்களில் சப்பாத்து நனையாமல் கடந்துவிடலாம். ரொறன்ரோப் பக்கம் அஜின்கோர்ட்டில் எங்கள் தெருவுக்குப் பின்னால் ஓடுகிற கிறீக் என்ற அந்த ஓடையில், ஆடி ஆவணி மாதங்களில் வாத்துகள்கூட நடந்துதான் போகும். நீந்துவதற்குத் தண்ணீர் போதாது.

விசாரணை அதிகாரி ஐயா, வாக்குமூலத்தைத் தமிழிலேயே எழுதித் தரலாம் என்று உங்கள் மொழிபெயர்ப்பாளர் வேரோனிக்கா சொன்னார். நல்ல பிள்ளை. கடிதத் தாளும் அவரே கொண்டுவந்து தந்தார். நீங்கள் ஆங்கிலத்தில் கேட்டபோது நான் சொன்ன பதில்கள் மிகவும் சுருக்கமாகப் போய்விட்டன. சுருக்கினால் பிழை வரும். என் தொழிலில் அது எனக்கு முதலில் சொல்லித்தந்த பாடம்.

என் பெயர் இராஜரட்ணம். வயது ஐம்பத்து நான்கு. மட்டக்களப்பில் நீர்ப்பாசனத் திணைக்களத்தில் பதினாறு வருடம் படவரைஞராக இருந்தேன். குளங்கள், வாய்க்கால்கள், மதகுகள் எல்லாவற்றையும் கடதாசியில் கீறுவதுதான் வேலை. எழுபத்தெட்டாம் ஆண்டுச் சூறாவளிக்குப் பிறகு எந்தெந்தக் குளக்கட்டு எந்த இடத்தில் உடைந்தது என்று அளந்து கீறியவர்களில் நானும் ஒருவன். கனடாவுக்கு எண்பத்தாறில் வந்தேன். சென் ஜேம்ஸ் ரவுணில் பதினேழாம் மாடியில் இருந்துகொண்டு இரண்டு வருடம் ஒரு சாப்பாட்டுக் கடையில் கோப்பை கழுவினேன். பிறகு ஒரு பொறியியல் கம்பனியில் படம் கீறும் வேலை கிடைத்தது. எனக்குக் கிடைத்த படங்களும் தண்ணீரின் படங்கள்தான்.

அந்த வேலையை உங்களுக்குக் கொஞ்சம் விளக்க வேண்டும். ரொறன்ரோவைச் சுற்றியுள்ள பள்ளத்தாக்குகள் எல்லாவற்றுக்கும் வெள்ளக்கோடு என்று ஒன்று உண்டு. 1954ஆம் ஆண்டு ஹேசல் சூறாவளி வந்தபோது ஹம்பர் ஆறு ஒரு தெருவை வீடுகளோடும் ஆட்களோடும் கொண்டுபோனது. அதே மழை இன்றைக்குப் பெய்தால் தண்ணீர் எதுவரை ஏறும் என்று கணக்குப் பார்த்து, அந்த இடத்தில் ஒரு நீலக் கோடு போடுவார்கள். எந்தப் பாலம் மூழ்கும், எந்த மின்சார நிலையம் நின்றுபோகும், எந்தக் கழிவுநீர்க் குழாய் பின்னோக்கி வீட்டுக்குள் தள்ளும், எந்தத் தெருவுக்கு அம்புலன்ஸ் போக முடியாது என்பதெல்லாம் அந்தக் கோட்டைப் பார்த்தால் தெரியும். கணக்குப் போடுபவர்கள் பொறியியலாளர்கள். கோட்டைக் கீறுபவன் நான்.

ஆகவே, தொண்ணூற்றிரண்டில் அந்த வீட்டை வாங்கியபோது அது கோட்டுக்கு உள்ளே கிடந்தது எனக்குத் தெரியாது என்று நான் சொல்லப்போவதில்லை. தெரியும். என் மேசையில் இருந்த படத்தில் எங்கள் கூரை கோட்டிலிருந்து ஒரு பெருவிரல் அகலம் உள்ளே இருந்தது. தெருக்கோடியில் கிறீக்குக்கு மேலால் றோட்டுப் போகிற இடத்தில் ஒரு மதகு இருக்கிறது. அதன் குழாய் சிறியது. ஒரு பெரிய மரக்கிளையும் நாலு குப்பைப் பெட்டிகளும் வந்து அடைத்தால் போதும், றோட்டு அணைக்கட்டாக மாறிவிடும், எங்கள் தெரு குளமாகிவிடும். இதையும் நான் அறிந்திருந்தேன். ஆனால் அந்த மாதிரி மழை நூறு வருடத்தில் ஒருமுறை வருவது. எனக்கு அப்போது நாற்பத்தொன்பது வயது. நூறு வருடத்தில் என் பங்கு எவ்வளவு என்று நீங்களே யோசித்துப் பாருங்கள்.

அருள்நாயகிக்கு வீடு பிடித்திருந்தது. அருள்நாயகி என் மனைவி. சமையலறை யன்னலால் பார்த்தால் மரங்கள் தெரிகின்றன என்றாள். பதினேழாம் மாடியில் அவளுக்குக் காகமும் எதிர்க் கட்டடமும்தான் தெரிந்தன. அவளுக்கு நான் கோட்டைப்பற்றிச் சொல்லவில்லை. வீணாகப் பயந்துகொண்டிருப்பாள்.

பேஸ்மென்றில், அதாவது வீட்டின் நிலவறையில், ஆட்களைக் குடியிருத்துவது பற்றி. ஸ்காபரோவில் அன்றைக்கு எங்கள் ஆட்களின் வீடுகளில் பேஸ்மென்ற் சும்மா கிடந்தது என்று ஒருவர் சொன்னால் அவர் பொய் சொல்கிறார். அனுமதி எடுத்தவர்கள் குறைவு. எனக்கு விண்ணப்பிக்கவே வழியில்லை. கோட்டுக்குள் இருக்கும் வீட்டில் நிலத்துக்குக் கீழே ஆள் தூங்கக்கூடாது என்பது விதி. அந்த விதி எழுதிய பக்கத்துக்குப் பக்கத்தில் நான் கீறிய படம் ஒட்டப்பட்டிருக்கும். என் வீட்டில் ஆள் இருப்பது தெரிந்தால் என் வேலை அன்றைக்கே போய்விடும். இந்த வயதில் மறுபடியும் கோப்பை கழுவப் போக என்னால் முடியாது. அதனால் கொஞ்சம் கவனமாக இருந்தேன்.

பேஸ்மென்றிலிருந்து சமையலறைக்கு வரும் உள்படிக்கட்டின் கதவுக்குச் சமையலறைப் பக்கத்தில் ஒரு தாழ்ப்பாள் போட்டு, அதன் முன்னால் பழைய குளிர்சாதனப் பெட்டியைத் தள்ளிவைத்தேன். பின்வளவுப் பக்கம் இருந்த சின்ன யன்னலுக்கு உள்ளே பலகை அடித்தேன். வெளியிலிருந்து பார்த்தால் சாமான் அறை என்றுதான் தோன்றும். பக்கவாட்டில் ஆறு படி இறங்கிப் போகிற கதவு ஒன்றுதான் போக்குவரத்துக்கு. அந்த ஆறு படிக் குழியில்தான் தண்ணீர் முதலில் நிறையும் என்று எனக்குத் தெரியாதா என்று கேட்பீர்கள். அதை நான் யோசிக்க வேண்டிய நேரத்தில் வீடு சோதிக்க வரும் நகரசபை இன்ஸ்பெக்ரரைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்தேன்.

மாமாங்கமும் புஸ்பராணியும் தொண்ணூற்று நாலில் கீழே குடிவந்தார்கள். புருஷனும் பெண்சாதியும், வாழைச்சேனைப் பக்கத்து ஆட்கள். நான் மட்டக்களப்பில் வேலை பார்த்தவன் என்று அறிந்ததும் மாமாங்கம் என் கையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. அவன் மார்க்கம் நகரில் ஒரு பிளாஸ்ரிக் தொழிற்சாலையில் வேலைக்கு நின்றான். அவள் கீழே இருந்து சட்டை தைத்தாள். மில்லிக்கனிலிருந்துகூடப் பெண்கள் காரில் வந்து அவளிடம் சேலைச் சட்டை தைக்கக் கொடுத்தார்கள். நாள் முழுவதும் அவளுடைய மெசின் சத்தம் எங்கள் சமையலறை நிலத்தால் மெல்ல ஏறிக் கேட்கும். எனக்கு அந்தச் சத்தம் பிடிக்கும். வீட்டில் ஆள் இருக்கிறது என்று இருக்கும்.

வந்து சேர்ந்த முதல் கிழமையே ஒழுங்கைச் சொல்லிக்கொடுத்தேன். சீருடை போட்டவர் யாராவது வாசலுக்கு வந்தால் நான் கூட்டுகிற தும்புத்தடியால் சமையலறை நிலத்தில் மூன்று தட்டுவேன். மூன்று கேட்டால் விளக்கை அணைக்க வேண்டும், மெசினை நிறுத்த வேண்டும், யார் எந்தப் பாஷையில் கூப்பிட்டாலும் கதவைத் திறக்கக் கூடாது. ஆள் போனதும் இரண்டு தட்டுவேன். இரண்டு கேட்டால் பழையபடி இருக்கலாம்.

புஸ்பராணி கவனமாகக் கேட்டாள். பிறகு ஒரு கேள்வி கேட்டாள்.

“ரெண்டு தட்டுக் கேக்காட்டி என்ன செய்யிற அண்ணை?”

“கேக்கும் வரைக்கும் இருக்க வேணும் பிள்ளை,” என்றேன்.

அவள் சிரித்தாள். “சத்தம் போடாம இருக்க எனக்கு ஆரும் படிப்பிச்சுத் தரத் தேவல்ல அண்ணை.”

தொண்ணூறாம் ஆண்டு அவளுடைய ஊரில் ஆமி சுற்றிவளைத்தபோது, ஒரு வீட்டில் நெல் மூடைகளுக்குப் பின்னால் ஒன்றரை நாள் இருந்திருக்கிறாள். தும்மல் வந்தபோது சேலைத் தலைப்பை வாய்க்குள் அடைத்துக்கொண்டாளாம். பக்கத்து மூடைக்குப் பின்னால் இருந்தவள் எட்டிப் பார்க்க எழும்பினாளாம். அவள் திரும்பி வரவில்லை. இதை எங்கள் வீட்டுச் சமையலறையில் தேநீர் குடித்துக்கொண்டு, கறிக்கு உப்புக் கூடிப்போன கதை சொல்வதுபோல் சொன்னாள். அருள்நாயகி அழுதாள். நான் அழவில்லை. இந்த ஒழுங்குக்கு இவளைப்போல் ஒரு ஆள் கிடைக்காது என்றுதான் நினைத்தேன். உள்ளதைச் சொல்ல வேண்டும் அல்லவா.

தொண்ணூற்றைந்தில் ஒருநாள் இன்ஸ்பெக்ரர் வந்தார். அயலில் யாரோ சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். மூன்று தட்டினேன். மெசின் நின்றது. அவர் வெளியே சுற்றிப் பார்த்தார், பக்கக் கதவைத் தட்டினார், பலகை அடித்த யன்னலைக் குனிந்து பார்த்தார், போய்விட்டார். அவரோடு கார் வரை நடந்து போய்ப் பேசி அனுப்பிவிட்டு, அந்த நிம்மதியில் நான் அப்படியே கடைக்குப் போய்விட்டேன். திரும்பி வர மூன்று மணித்தியாலம் ஆனது. சமையலறைக்குள் கால் வைத்தபோதுதான் மெசின் சத்தம் இல்லாதது உறைத்தது. ஓடிப்போய் இரண்டு தட்டினேன். கீழே விளக்கு எரிந்தது. இறங்கிப் போய்ப் பார்த்தால், அவள் இருட்டில் தையல் ஸ்ரூலிலேயே இருந்திருக்கிறாள். அடுப்பில் அரிசி அரைவேக்காட்டில் ஊறிப்போய்க் கிடந்தது.

“ஏன் பிள்ளை, கார் போன சத்தம் கேக்கேல்லையே?” என்று கேட்டேன்.

“கேட்டது அண்ணை. நீங்க தட்டல்லயே,” என்றாள்.

அன்றைக்கே எனக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்று நீங்கள் சொல்லலாம். தெரிந்தது. சந்தோஷமாகக்கூட இருந்தது.

இனி அந்தச் சனிக்கிழமை. தொண்ணூற்றேழு ஓகஸ்ட் மாதம். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு வானம் கறுத்தது. ஒன்றரை மணிக்கு மழை தொடங்கியது. முதல் அரை மணித்தியாலம் அதை நான் ரசித்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஊர் மழை மாதிரி, அளவில்லாத மழை. இரண்டரை மணிக்குப் பின்வளவு வேலியைப் பார்த்தபோது, கிறீக் தன் கரையை விட்டு வெளியே வந்து நின்றது. மாமாங்கம் ஓவர் ரைம் என்று வேலைக்குப் போயிருந்தான். கீழே மெசின் ஓடிக்கொண்டிருந்தது. அடுத்த நாள் கலியாண வீட்டுக்குக் கொடுக்க வேண்டிய சட்டைகள்.

மூன்று மணிக்குப் பிறகு தீயணைப்பு வண்டி தெருவுக்குள் வந்தது. மஞ்சள் கோட்டுப் போட்ட இரண்டு பேர் வீடு வீடாகத் தட்டிக்கொண்டு வந்தார்கள். நான் யன்னலால் பார்த்தேன். சீருடை என்று கண்டதும் என் கை தும்புத்தடியை எடுத்தது. மூன்று தட்டினேன். மெசின் நின்றது. இதை நான் யோசித்துச் செய்யவில்லை. மூன்று வருடப் பழக்கம். இதுவரையில் என்மேல் ஒரு குற்றமும் இல்லை என்பதைக் கவனிக்க வேண்டுகிறேன்.

கதவைத் திறந்தேன். உயரமான மனிதர், மீசை நனைந்து ஒட்டியிருந்தது. மதகு அடைத்துவிட்டது, றோட்டும் உடையலாம், உடனே வெளிக்கிடுங்கள், தெரு முனையில் பஸ் நிற்கிறது என்றார். எத்தனை பேர் என்று கேட்டார். இரண்டு பேர் என்றேன். பேஸ்மென்றில் யாராவது இருக்கிறார்களா என்று கேட்டார்.

நான், “இல்லை. கீழே யாரும் இல்லை. சாமான் மட்டும்தான்,” என்றேன்.

அவர் என் முகத்தைப் பார்த்து இன்னொரு முறையும் கேட்டார். நான் இன்னொரு முறையும் சொன்னேன். தாளில் எதையோ குறித்துக்கொண்டு திரும்பினார். அவரில் ஒரு குறையும் சொல்ல முடியாது. நாற்பது வீடுகளுக்கு இரண்டு பேர்.

அருள்நாயகி உள்ளே கடவுச்சீட்டுகளையும் நகைப் பெட்டியையும் பையில் போட்டுக்கொண்டிருந்தாள். நான் கதவடியில் சொன்னது அவளுக்குக் கேட்கவில்லை. நான் தும்புத்தடியைக் கையில் எடுத்தேன். வெளியே அந்த மனிதர் எங்கள் வாசல் படியிலேயே நின்று வயர்லெஸ்ஸில் பேசிக்கொண்டிருந்தார். இரண்டு தட்டினால் மெசின் ஓடும், விளக்கு எரியும், அல்லது புஸ்பராணி பக்கக் கதவால் ஏறி அவருக்கு முன்னாலேயே வந்து நிற்பாள். அவர் போகட்டும் என்று நின்றேன். அவர் போனார். உடனே இரண்டாம் ஆள் வந்து “வாங்க, வாங்க” என்பதுபோல் கையைக் காட்டினார். தும்புத்தடியைச் சுவரோடு சாத்திவிட்டுக் கதவைப் பூட்டினேன். அப்போது மூன்று பதினைந்து. தெருவில் தண்ணீர் கணுக்காலுக்குக் கீழே. பக்கப் படிக்குழி அப்போதும் மழை ஈரத்தைத் தவிரக் காய்ந்துதான் கிடந்தது. கடந்து போகும்போது நான் பார்த்தேன்.

பஸ்ஸில் ஏறி இருந்ததும் அருள்நாயகி என் காதுக்குள் கேட்டாள்.

“இஞ்சருங்கோ, புஸ்பத்துக்கு ரெண்டு தட்டினனீங்கள்தானே?”

“ஓம், தட்டினனான். பின்னால வருவா,” என்றேன்.

அவள் பையை மடியில் வைத்துக்கொண்டு கண்ணை மூடினாள். இரண்டு தட்டுச் சத்தத்தைத் தானும் கேட்டதாக அவள் உங்களிடம் சொல்லியிருக்கிறாள். அவளைப் பொய்சாட்சி என்று எழுதிவிடாதீர்கள். இருபத்தெட்டு வருடமாக நான் சொன்னதையெல்லாம் தன் காதால் கேட்டதாகவே நம்பி வாழ்ந்தவள்.

எங்களை மேட்டில் இருக்கும் பள்ளிக்கூடத்தில் இறக்கினார்கள். உள்ளே விளையாட்டு மண்டபத்தில் போர்வை, கோப்பி எல்லாம் இருந்தன. நான் உள்ளே போகவில்லை. வாசல் கூரைக்குக் கீழே நின்றால் எங்கள் தெரு முழுவதும் சரிவில் தெரியும். எங்கள் கூரை, முன்னால் தீயணைப்புக்கான சிவப்புத் தண்ணீர்க் குழாய், மூலையில் தபால் பெட்டி. என் சட்டைப் பையில் பென்சில் இருந்தது. அது எப்போதும் இருக்கும். கடதாசி இல்லை. வெள்ளிக்கிழமை எடுத்த பஸ் ரிக்கற் ஒன்று இருந்தது. அதன் பின்பக்கத்தில் நேரத்தைக் குறிக்கத் தொடங்கினேன். கண்முன்னால் ஒரு வெள்ளம் ஏறும்போது அதை யாரும் அளக்காமல் விடுவது என்னால் தாங்க முடியாத விஷயம்.

மூன்று இருபத்தெட்டுக்குத் தண்ணீர் எங்கள் வாசலுக்கு வந்தது. மூன்று முப்பத்துமூன்றுக்குப் பக்கப் படிக்குழியின் விளிம்பைத் தாண்டியது.

மூன்று முப்பத்தைந்துக்கு மாமாங்கம் வந்தான். தொழிற்சாலையில் மின்சாரம் போய் அனுப்பிவிட்டார்களாம். தெருவை மறித்திருந்ததால் மேட்டுப் பக்கமாக ஓடி வந்திருக்கிறான். தலையிலிருந்து கால்வரை நனைந்து, சாப்பாட்டுப் பெட்டியை மட்டும் நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நின்றான்.

“அண்ணை, புஸ்பம் எங்க?”

நான் அவனைப் பார்த்தேன். அவனுக்குப் பின்னால் பத்துக் காலடித் தூரத்தில், அந்த மீசைக்கார மனிதர் பெயர்களைச் சரிபார்த்துக்கொண்டு நின்றார். அவர்களுடைய ரப்பர் படகு தீயணைப்பு வண்டியிலிருந்து அப்போதுதான் இறக்கப்பட்டது. அந்த நேரம் கீழே தண்ணீர் கணுக்காலளவு இருந்திருக்கும். அதிகம் போனால் முழங்கால். நான் வாயைத் திறந்து ஒரு சொல் சொல்லியிருந்தால் போதும். ஆனால் அதே மனிதரிடம் இருபது நிமிடத்துக்கு முன்னால் இரண்டு தரம் யாரும் இல்லை என்று சொன்னவன் நான். பெரிய மனிதன் ஒருவன் அப்படி ஒரு சொல்லை எப்படி மாற்றுவது? உங்களுக்கு இது அற்பமாகத் தெரியும். அந்த இடத்தில் நின்றபோது அது மலையாக இருந்தது.

“வெளிக்கிட்டிருப்பா,” என்றேன். “நான் ரெண்டு தட்டிப்போட்டுத்தான் வந்தனான்.”

அவன் முகம் தெளிந்ததை நான் பார்த்தேன். “அப்ப சரி அண்ணை. நீங்க தட்டினா அவ வந்திருவா,” என்றான். வேறு பஸ்ஸில் ஏறியிருப்பாள், வாசிகசாலைக்கும் ஆட்களைக் கொண்டுபோகிறார்களாம் என்று தானே சொல்லிக்கொண்டு, மழையில் திரும்பி ஓடினான். அவன் ஓடுகிற சத்தம் கேட்காமல் போகும்வரை நின்றேன். பிறகு குறித்தேன். மூன்று முப்பத்தெட்டு, சிவப்புக் குழாய் மறைந்தது.

மூன்று நாற்பத்தாறு, தபால் பெட்டியின் பாதி. மூன்று ஐம்பத்தைந்து, எங்கள் சமையலறை யன்னலின் கீழ்ச்சட்டம். அதற்குப் பிறகு நான் எழுதவில்லை. சமையலறை யன்னல் வரை என்றால் கீழே காற்றுக்கு இடமில்லை. அதை அறிய எனக்குப் படம் தேவைப்படவில்லை.

மாமாங்கம் வாசிகசாலை, தேவாலயம், இன்னொரு பள்ளிக்கூடம் என்று மாலை முழுவதும் அலைந்தான். போகிற இடமெல்லாம் பச்சைச் சட்டை போட்ட, நெற்றியில் தழும்புள்ள பெண் என்று அங்க அடையாளம் சொல்லிக் கேட்டிருக்கிறான். அவன் தேடுகிறவரை கீழே தேட யாருக்கும் தோன்றவில்லை. அடுத்த நாள் தண்ணீர் வற்றிய பிறகுதான் உங்கள் ஆட்கள் குளிர்சாதனப் பெட்டியைத் தள்ளித் தாழ்ப்பாளைத் திறந்தார்கள். அவள் உள்படிக்கட்டின் மேல்படியில், சமையலறைக் கதவோடு சாய்ந்து இருந்தாள். தைத்து முடித்த சட்டைகளை ஒரு பிளாஸ்ரிக் பையில் கட்டித் தலைக்கு மேலே, கதவுக் கொளுக்கியில் கொழுவியிருந்தாள். அவை பாதிதான் நனைந்திருந்தன என்று கேள்விப்பட்டேன்.

கதவின் உட்பக்கத்தில் அடித்ததற்கோ சுரண்டியதற்கோ அடையாளம் எதுவும் இல்லை என்று அறிக்கையில் எழுதியிருக்கிறீர்கள். அதைச் சந்தேகத்தோடு எழுதியதுபோல் தெரிகிறது. சந்தேகிக்க ஒன்றுமில்லை. அவள் தட்டியிருக்க மாட்டாள். எங்கள் ஒழுங்கில் தட்டுவது என் வேலை.

இவ்வளவையும் நான் சொல்லாமல் விட்டிருக்கலாம். யாருக்கும் என்மேல் சந்தேகம் இல்லை. அனுமதியில்லாமல் ஆள் வைத்திருந்த குற்றத்தை ஒப்புக்கொண்டேன். அதற்கான தண்டனையை ஏற்றுக்கொண்டேன். வேலை போகும் என்று பயந்தேன், அதுகூடப் போகவில்லை. முதலாளி என் தோளில் கை வைத்து ஆறுதல் சொன்னார். செத்தவீட்டில் மாமாங்கம் என் தோளில் சாய்ந்து அழுதான். “மெசினைத் தூக்கப் போயிருப்பா அண்ணை. நீங்க தட்டியும் வரல்ல. பிடிவாதக்காரி,” என்று தன் பெண்சாதியை ஏசி ஏசி அழுதான். நான் அவன் முதுகைத் தடவிக்கொடுத்தேன். அந்த இடத்தில் வேறு என்ன செய்ய முடியும் என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

நான் இங்கே வந்ததற்குக் காரணம் வேறு. அந்த வெள்ளத்துக்குப் பிறகு பள்ளத்தாக்கு முழுவதுக்குமான படங்களைத் திருத்தும் வேலை போன மாதம் எங்கள் கம்பனிக்குக் கிடைத்தது. என் மேசைக்கே வந்தது. மதகுக்கு மேற்புறத்தில் அளவுகோல் எதுவும் இல்லாததால், எங்கள் தெருவில் தண்ணீர் ஏறிய வேகத்துக்கு உங்கள் விசாரணை அறிக்கையைத்தான் எடுத்திருக்கிறார்கள். எச்சரிக்கை கேட்ட ஒரு ஆரோக்கியமான பெண் ஆறு படி ஏறி வெளியே வர முடியவில்லை, ஆகவே எச்சரித்ததிலிருந்து படிக்குழி நிறையப் பதினொரு நிமிடத்துக்கு மேல் எடுத்திருக்காது என்று கணக்குப் போட்டிருக்கிறார்கள். கணக்கில் பிழையில்லை. எடுத்த தரவு பிழை.

இது சின்ன விஷயம் அல்ல. அந்தப் பதினொன்றை வைத்துத்தான் கீழே உள்ள பாலங்களுக்கும் பம்பு நிலையங்களுக்கும் குடியிருப்புகளுக்கும் ஏற்பாடு செய்யப்போகிறார்கள். பதினொரு நிமிடத்தில் எச்சரித்து ஒரு பயனும் இல்லை என்று முடிவெடுத்து, வீடு வீடாகத் தட்டும் ஏற்பாட்டையே விட்டுவிடலாம் என்று ஒரு குறிப்பும் அந்தக் கோப்பில் கிடக்கிறது. அப்படி ஒரு பிழையான கோட்டை என் கையால் கீற முடியாது. மூன்று இரவு பென்சிலைக் கையில் எடுத்து எடுத்து வைத்தேன். இருபத்தைந்து வருடத்தில் நான் தெரிந்துகொண்டு ஒரு கோட்டையும் பிழையாகக் கீறியதில்லை.

பஸ் ரிக்கற்றை இத்துடன் இணைத்திருக்கிறேன். பென்சில் எழுத்து மங்காமல் இருக்கப் பிளாஸ்ரிக் உறையில் போட்டிருக்கிறேன். நேரங்கள் எல்லாம் பள்ளிக்கூட வாசல் மணிக்கூட்டின்படி. நான் மூன்று தட்டினேன். இரண்டு தட்டவில்லை. நான் கதவைப் பூட்டிய பிறகு தண்ணீர் பதினெட்டு நிமிடம் படிக்குழிக்கு வரவேயில்லை, உள்படிக்கட்டின் மேல்படிக்கு வர நாற்பது நிமிடம் எடுத்தது. தயவுசெய்து பதினொன்று என்பதை வெட்டிவிட்டு நாற்பது என்று எழுதுங்கள். மாமாங்கத்திடம் இதை எந்த வார்த்தைகளில் சொல்வது என்பதை வேரோனிக்காவிடம் விடுகிறேன், அவருக்கு அந்தப் பக்குவம் இருக்கிறது.

ஒன்று மட்டும் சொல்லி முடிக்கிறேன். நாற்பது நிமிடம் என்பது நிறைய நேரம். அந்தக் கதவோடு சாய்ந்து இருந்தவள் ஒருமுறை, ஒரே ஒருமுறை, தட்டியிருக்கலாம். தட்டியிருந்தால் நான் திறந்திருப்பேன்.